கூக்காலுக்குப் போறீங்களா? தெருவைப் பார்த்து நடங்க!

கொடைக்கானல் ஏரிக்கரையில் சீசன் சனிக்கிழமை காலை பத்து மணி எப்படி இருக்கும் தெரியுமா? தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெரு எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். வாடகை சைக்கிள், சவாரிக் குதிரை, சோளக்கதிர் வண்டி, விடாத ஹாரன் சத்தம். குளிரைத் தேடி வந்தவர்கள் நகராத காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படி வந்து சலித்துப்போனவர்கள்தான் போனை எடுத்து, 'கொடைக்கானலில் கூட்டம் இல்லாத இடம்' என்று தேடுகிறார்கள். முதலில் பூம்பாறை வருகிறது. அடுத்து மன்னவனூர். இன்னும் கொஞ்சம் விரலால் தள்ளினால் கூக்கால்!

திரையில் ஓர் ஏரி தெரிகிறது. படி படியாக இறங்கும் வயல்கள் தெரிகின்றன. மலைச்சரிவில் வண்ணப் பெட்டிகளை அடுக்கி வைத்தது போல வீடுகள் தெரிகின்றன. அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடுகிறது. அந்தப் படத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குடும்பம் இருக்கிறது. அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். கூக்கால் என்பது முதலில் ஒரு குடியிருப்பு. அதற்குப் பிறகுதான் சுற்றுலா இடம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு போனால், கூக்கால் தரும் அனுபவமே வேறு.

போகிற வழியே பாதி சுகம்

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகாவின் மேல்மலைப் பகுதியில் இருக்கிறது கூக்கால். கொடைக்கானல் நகரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தூரம். தூரத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வளைவும் குறுகலுமான மலைப்பாதை. மேகம் இறங்கிவிட்டால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

வழியில் பூம்பாறை. இங்கே குழந்தை வேலப்பர் கோயில் கொண்டிருக்கிறார். பழனி மூலவரை உருவாக்கிய போகர் சித்தர்தான் இந்தச் சிலையையும் செய்தார் என்பது மக்களின் நம்பிக்கை. சாலையோர வளைவில் நின்று பார்த்தால் முழு ஊரும் உள்ளங்கையில் வைத்தது போலத் தெரியும். மன்னவனூர்ப் பக்கம் திரும்பினால் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1965-ல் தொடங்கியது. கம்பளிக்காக வளர்க்கப்படும் ஆடுகளையும் முயல்களையும் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கூக்காலுக்கான பாதையில் இறங்கியதும் காட்சி மாறுகிறது. பைன், யூகலிப்டஸ், சீகை மரக்கூட்டங்கள் ஒருபக்கம். இடையிடையே கரும்பச்சையாக, நெருக்கி அடுக்கிய காலிஃபிளவர் போலச் சோலைக்காடு. பிறகு சட்டென்று ஏரி. 6,000 அடிக்கு மேலான உயரத்தில் ஓசையில்லாமல் கிடக்கும் தண்ணீர். அதையும் தாண்டிப் போனால்தான் ஊர்.

சுவரோடு சுவர்

ஊருக்குள் நுழைந்ததும் நகரத்துக்காரர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். சுற்றிலும் இவ்வளவு மலை, இவ்வளவு வெட்டவெளி. ஆனால், வீடுகள் மட்டும் திருவல்லிக்கேணி சந்து போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு வீட்டின் வாசல், கீழ்வீட்டுக் கூரையின் மட்டத்துக்கு இருக்கும். பக்கத்து வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும்.

இடம் இருந்தும் ஏன் இந்த நெருக்கம்? மலைக்காரர்களிடம் கேட்டால் கணக்கு எளிது. மலையில் சமதளம் என்பது தங்கம். கையால் வெட்டி, கல் அடுக்கி, மண்ணை நிறுத்தி உண்டாக்கிய ஒவ்வொரு படி வயலும் ஒரு தலைமுறையின் உழைப்பு. அதில் வீட்டைப் பரப்பினால் எதை விதைப்பது? அதனால் வீடு சுருங்கியது, வயல் விரிந்தது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி கொட்டும் ஊரில் ஒட்டிக் கட்டிய சுவர்கள் சூட்டையும் காப்பாற்றும். இரவில் காட்டெருமை இறங்கும் இடத்தில் தனி வீடு கட்டி இருப்பதைவிட, கூப்பிட்டால் பத்து பேர் ஓடிவரும் தூரத்தில் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

கொடைக்கானல் நகரம் பிறந்தது 1845-ல், மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து மேலே வந்து பங்களா கட்டியபோது. ஆனால், மேல்மலைக் கிராமங்கள் அதைவிட மிகவும் மூத்தவை. காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்பு, கீழ்நாட்டுப் போர்களாலோ பஞ்சத்தாலோ மலையேறிய விவசாயக் குடும்பங்கள் இங்கே ஊர்களை அமைத்தன என்கின்றன ஆங்கிலேயர் காலக் குறிப்புகள். 'மன்னாடியார்' என்ற பட்டம் இன்றைக்கும் மேல்மலையில் மரியாதையோடு சொல்லப்படும் சொல். அவர்களுக்கும் முன்பே இந்த மலையை அறிந்தவர்கள் பளியர் உள்ளிட்ட பழங்குடிகள்.

சாலை வருவதற்கு முன்பு உப்பும் துணியும் வாங்கவேண்டுமென்றாலும் மலையிறங்கி நடக்கவேண்டும், அல்லது குதிரை முதுகில் ஏற்றி வரவேண்டும். வண்டி போகாத வயல்களிலிருந்து மூட்டை சுமக்கக் குதிரைகளை இன்றும் மேல்மலையில் பார்க்கலாம். ஏரிக்கரைச் சவாரிக் குதிரைக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். இது உழைக்கிற குதிரை. குறுகிய பாதையில் எதிரே வந்தால் நீங்கள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும்!

பூண்டு வாசம்

காலையில் கூக்காலுக்குப் போனால் ஊரே வேலையில் இருக்கும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி என்று மேல்மலை வயல்களில் எல்லாமும் விளையும். ஆனால், இந்தப் பக்கத்தின் அடையாளம் மலைப்பூண்டுதான்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக முயற்சி எடுத்தது கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். வெள்ளையும் வெளிர்மஞ்சளுமான தோல், ஒன்றுபோல் இல்லாத பற்கள், மூக்கில் ஏறும் காரம் ஆகியவைதான் இதன் அடையாளம். வைகாசியை ஒட்டி ஒரு விதைப்பு, கார்த்திகையை ஒட்டி இன்னொரு விதைப்பு. நான்கு மாதத்தில் அறுவடை. பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் தொங்கவிடுவார்கள். புகை பட்ட பூண்டு மாதக்கணக்கில் கெடாது. அடுத்த விதைப்புக்கான விதையும் அதிலிருந்துதான்.

பிரசவித்த பெண்ணுக்குப் பூண்டு ரசம், பூண்டுக் குழம்பு வைக்கும் வீடுகளில், 'மலைப்பூண்டாப் பார்த்து வாங்கிட்டு வா' என்று பாட்டி சொல்வாரே, அந்தப் பூண்டு இதுதான். கீழே பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைதான் இந்த வட்டாரத்தின் பெரிய பூண்டு வியாபாரக் களம்.

விலைதான் ஊஞ்சல். 2024-ன் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கடைகளில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டி, சாம்பாருக்கும் ரசத்துக்கும் பல் எண்ணிப் போடும் நிலை வந்தது. அடுத்த ஆண்டே மளமளவென்று இறங்கியது. வாங்குகிறவர்கள் மூச்சுவிட்டார்கள். விதைத்தவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். விதைப்பூண்டு வாங்கிய விலை ஒன்று, விளைந்த பூண்டு விற்கும் விலை இன்னொன்று. நடுவில் மழை ஒரு வாரம் கூடுதலாகப் பெய்தால் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகும். ஒரு ராத்திரி காட்டெருமைக் கூட்டம் இறங்கினால் மறுநாள் பாத்தியே இருக்காது.

இந்தக் கணக்கு தெரிந்தால்தான், படி வயலில் இறங்கி நின்று போட்டோ எடுக்கும்போது வரப்பிலிருந்து ஒருவர் ஏன் சத்தம் போடுகிறார் என்பது புரியும். காலடியில் நசுங்கியது அந்த வீட்டின் வருமானம்.

ஏரியும் சோலையும்

கூக்காலின் இன்னொரு செல்வம் அதன் சோலைக்காடு. சோலை என்பது உயரமான மலை மடிப்புகளில், குட்டையாகவும் அடர்த்தியாகவும் வளரும் பசுமைக்காடு. அதைச் சுற்றிப் புல்வெளி இருக்கும். மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுவது இந்தச் சோலையும் புல்லும் சேர்ந்த ஏற்பாடுதான். பழனி மலையில் பிறக்கும் ஓடைகள் கீழே சமவெளி வயல்களுக்கும் குடிதண்ணீர்க் குழாய்களுக்கும் போகின்றன. மலையில் புல் குறைந்தால் கீழே குடம் காலியாகும்.

குறைந்துதான் இருக்கிறது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது என்கிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் வந்து நிற்பது சீகை, யூகலிப்டஸ், பைன் போன்ற வெளிநாட்டு மரங்களும், விவசாய நிலமும். சுற்றுலா வருகிறவர்கள் 'ஆஹா, எவ்வளவு மரம்!' என்று ரசிக்கும் பைன் காடு, இந்த மலைக்குச் சொந்தமானது அல்ல. உண்மையான மலைக்காடு, பைன் போல வரிசையாக நிற்காது. பாசி படர்ந்து, முறுக்கிக்கொண்டு, பாதி இருட்டாக இருக்கும். கூக்கால் சோலை அப்படிப்பட்டது.

பறவை பார்ப்பவர்களுக்கு இந்தச் சோலை மிகவும் பிரியமான இடம். பழனி மலைச் சிரிப்பான் என்றொரு பறவை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கண்ணில் படுவதற்கு முன்பே அதன் குரல் கேட்கும். காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். புளூடூத் ஸ்பீக்கரை ஆன் செய்தால் பாட்டு மட்டும்தான் கேட்கும். சிரிப்பான் இருக்காது.

2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இந்த மலையின் காடுகளில் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. எனவே, சோலைக்குள் தானாக நுழைந்து நடப்பது ஆபத்து மட்டுமல்ல, குற்றமும்கூட. வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் இடத்துக்கு மட்டும் போகவேண்டும்.

ரங்கநாதன் தெரு சொல்லும் கதை

ஆரம்பத்தில் ரங்கநாதன் தெருவைச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. 1920-களில் மாம்பலம் ஏரிக்குப் பக்கத்தில் தி.நகர் உருவானபோது, அது அமைதியான குடியிருப்புப் பகுதி. ரங்கநாதன் தெருவிலும் வீடுகள்தான் இருந்தன. திண்ணை இருந்தது, வாசலில் கோலம் இருந்தது. பிறகு ஒரு கடை வந்தது. அடுத்து இன்னொன்று. கூட்டம் வந்தது, வாடகை ஏறியது, வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இன்று அந்தத் தெருவில் லட்சம் பேர் நடப்பார்கள். கோலம் போட வீடுகள்தான் அரிது.

உலகம் முழுக்க இதே கதை. தென்கொரியத் தலைநகர் சியோலில் புக்சோன் என்றொரு குடியிருப்பு. பழைய ஓட்டு வீடுகளும் ஏற்ற இறக்கமான சந்துகளும் நிறைந்த இடம். சுமார் 6,000 பேர் வசிக்கும் அந்தப் பகுதிக்கு வருடத்துக்கு லட்சக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள், வாசலில் குப்பை போட்டார்கள். குடியிருந்தவர்கள் ஊரைக் காலிசெய்யத் தொடங்கினார்கள். கடைசியில் 2024 நவம்பரில், குறிப்பிட்ட பகுதிக்குள் மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 10 மணி வரை சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது என்று விதி வந்தது. மறுவருடம் மார்ச்சிலிருந்து அபராதமும் வந்தது. ஜப்பானின் கியோட்டோவிலும் 2024-ல் கியோன் பகுதியின் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள்.

மும்பை தாராவியையும் சொல்லவேண்டும். திருநெல்வேலியிலிருந்து போன தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. அங்கே சுற்றுலா நடத்துபவர்களில் சிலர் 'கேமராவை வெளியே எடுக்காதீர்கள்' என்பதை முதல் நிபந்தனையாக வைத்திருக்கிறார்கள். ஏழ்மையோ அழகோ, இன்னொருவர் வீட்டு வாசலைக் காட்சிப்பொருளாக ஆக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

கூக்கால் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அதனால்தான் இப்போதே பேசவேண்டியிருக்கிறது. நகரத்தில் ஒரு தெரு நெரிசலானால் பக்கத்துத் தெரு வழியாகப் போகலாம். மலையில் இருப்பது ஒரே பாதை. வார இறுதியில் அந்தப் பாதையில் இரண்டு வேன்கள் எதிரெதிரே சிக்கிக்கொண்டால், பின்னால் காய்கறி லாரி நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் பேருந்து நிற்கும். பெரிய சிகிச்சைக்குக் கொடைக்கானல் வரை போகவேண்டிய ஊரில், அந்த வரிசையில் ஆம்புலன்ஸும் நிற்கக்கூடும்.

அதேசமயம், யாரும் வரவே வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கதவைச் சாத்தவும் முடியாது. பூண்டு விலை ஏமாற்றிய வருடத்தில் டீக்கடை வருமானமும், வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்ட பணமும் கைகொடுக்கும். படித்த பிள்ளை வேலைக்காகச் சமவெளிக்குப் போகாமல் ஊரிலேயே இருக்க ஒரு வழி கிடைக்கும். வருகிறவர்களால் ஊருக்கு லாபமா, தொந்தரவா என்பது வருகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு

* கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம். 2025 கோடை சீசனுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். கிளம்புவதற்கு முன்பு அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

* முடிந்தால் வார நாளில் போங்கள். ஊருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

* ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கு மலையில் அனுமதி இல்லை. வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி வசூலிக்கிறார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போவதே நல்லது. சிப்ஸ் பாக்கெட் உள்பட, கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

* ஊருக்கு வெளியே, வழியை மறிக்காத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள். படிக்கட்டுச் சந்துகளில் நடந்தால்தான் ஊர் தெரியும்.

* யாரையும், எந்த வீட்டையும் படம் எடுப்பதற்கு முன்பு ஒரு வார்த்தை கேளுங்கள். குளிக்கிற இடம், துணி காயும் முற்றம், வாசலில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் எல்லாம் அவர்களுடைய சொந்த வாழ்க்கை.

* வயல் வரப்பில் ஏறாதீர்கள். சுற்றுக்கம்பி இருந்தால் தொடவே தொடாதீர்கள். விலங்குகளுக்காகச் சூரிய மின்வேலி போட்டிருக்கலாம்.

* காட்டெருமையைப் பார்த்தால் செல்ஃபிக்கு நெருங்க வேண்டாம். பசு மாதிரி சாதுவாக நிற்கும். கோபம் வந்தால் ஓடித் தப்பிக்க முடியாது.

* சாப்பாடு, டீ, காய்கறி, பூண்டு எல்லாவற்றையும் முடிந்தவரை அந்த ஊரிலேயே வாங்குங்கள். வயலிலிருந்து நேராக வந்த பூண்டுக்குப் பேரம் பேசி பத்து ரூபாய் குறைப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

* ஸ்வெட்டர், குடை, டார்ச் அவசியம். மாலை நான்கு மணிக்கே மேகம் இறங்கிவிடும். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

ஒரு 'வாங்க' போதும்

மேல்மலை மனிதர்களின் இயல்பு விருந்தோம்பல். கைகூப்பி, 'ஊரைச் சுத்திப் பார்க்கலாமாங்க?' என்று கேட்டுவிட்டு நுழைகிறவர்களுக்கு, 'வாங்க, எந்த ஊருங்க?' என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். அதன் பின்னால் ஒரு டம்ளர் கடுங்காப்பியும் வரலாம். இந்த வருடம் மழை எப்படி, பூண்டு எப்படி, பிள்ளை என்ன படிக்கிறது என்று பேச்சு நீளலாம். எந்த வீடியோவிலும் கிடைக்காத கூக்கால் அந்தத் திண்ணையில்தான் கிடைக்கும்.

அடுத்த குறிஞ்சி 2030-ல் பூக்கவேண்டும். 2018-ல் பூத்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கூக்கால் பிள்ளைகள் அப்போது குடும்பத்தலைவர்களாக இருப்பார்கள். மலை நீலமாக மாறும் அந்த நாளில், அவர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே நின்று அதைப் பார்க்கவேண்டும்.